இத்தாலியின் நீளமும் ஒரு மஞ்சள் பந்தும்

1

ஈஸ்டர் விடுமுறைக்கு இத்தாலியின் அடியில் இருந்து தலைமாடு வரைக்கும் காரில் போய் வந்தோம் என்று கோயிலில் சொன்னதுதான் தாமதம், நாலு பேர் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள். ரோம் பார்த்தீர்களா? பெயர்ப்பலகை பார்த்தோம். வெனிஸ்? அந்தப் பக்கமே போகவில்லை. சாய்ந்த கோபுரம்? அது சாய்ந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அப்படியென்றால் இவ்வளவு தூரம் போய் என்னதான் பார்த்தீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். ஒரு பேஸ்போல் மைதானம் பார்த்தோம் என்றேன். அவள் என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் பிரசாதம் வாங்கப் போய்விட்டாள்.

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. ஆனால் கோயில் வாசலில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய கதையும் அது இல்லை. ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்குக் கொஞ்சம் பொறுமை இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

2

இத்தாலியின் தெற்கே சிசிலித் தீவில் இருக்கிற பலெர்மோவுக்கு நான் வந்து இருபது வருடம் ஆகிறது. கபோ சந்தைக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு சினியோராவின், வயதான இத்தாலிய அம்மா ஒருவரின், வீட்டில் வேலை. சமைப்பேன், துடைப்பேன், அவருடைய மருந்தை எடுத்துக் கொடுப்பேன், அவருடைய பிள்ளைகளைப் பற்றிய முறைப்பாடுகளைக் கேட்பேன். கடைசி வேலைதான் பெரியது. என் வீட்டுக்காரர் வன்னிக்காரர். இங்கே ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது அடுப்புக்கு முன்னால் நிற்கிறார். இந்தப் பத்தி முழுக்க அவரை ‘இவர்’ என்றே எழுதப்போகிறேன். பெயர் சொல்லிப் பழக்கம் இல்லை.

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஆரணி. பதினேழு வயது, இங்கேயே பிறந்தவள். எங்களோடு தமிழ் கதைப்பாள். கோபம் வந்தால் இத்தாலியனுக்கு மாறிவிடுவாள். கோபம் உச்சிக்கு ஏறினால் கபோவில் மீன் விற்கிறவர்களின் பாஷை வரும். அப்போது நாங்கள் இருவரும் வாய் திறக்க மாட்டோம். இந்த ஒன்றிரண்டு வருடத்தில் அந்தத் தமிழும் குறைந்துகொண்டே வந்தது. நான் தமிழில் ஒரு முழு வசனம் கேட்டால் அவள் இத்தாலியனில் ஒரு சொல்லில் பதில் சொல்லுவாள். கதவு சாத்தியிருக்கும். காதில் எந்நேரமும் பாட்டு.

மற்றப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பரதநாட்டியத்துக்கும் மிருதங்கத்துக்கும் போக, என் பிள்ளை தோளில் ஒரு மட்டையைச் சுமந்துகொண்டு பேஸ்போலுக்குப் போனாள். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை பிடித்துவிட்ட பைத்தியம் அது. பெண்கள் ஆடும்போது அதற்கு சொஃப்ட்போல் என்று பெயர். மென்மை எல்லாம் பெயரில்தான். பந்து ஒரு பெரிய தோடம்பழம் அளவு இருக்கும், மஞ்சள் நிறம், எடுத்தால் கல்லுத்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கும் வேலை நாள் என்பதால் அவள் ஆடியதை நாங்கள் ஒழுங்காக ஒருநாளும் பார்த்ததில்லை. கொண்டுபோய் விடுவோம், கூட்டிக்கொண்டு வருவோம். வென்றியா தோத்தியா என்று கேட்போம்.

இந்த வருடம் மாசி மாதத்தில் வடக்கே இருக்கிற ஒரு சிறு நகரத்துக் கழகத்தில் இருந்து அழைப்பு வந்தது. நகரத்தின் பெயரை எழுதக்கூடாது என்று ஆரணி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கழகத்தின் பயிற்சியாளர் லொரெதானா என்றொரு பெண். எங்கேயோ ஒரு போட்டியில் ஆரணி அடித்ததைப் பார்த்திருக்கிறார். ஈஸ்டருக்கு வந்து எங்கள் பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் ஆடட்டும், சரிவந்தால் செப்டெம்பரில் இருந்து இங்கேயே தங்கி ஆடலாம், பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தையும் இங்கே படிக்கலாம், தங்குமிடம் எங்கள் பொறுப்பு என்றார். ஆனால் வயது பதினெட்டு ஆகவில்லை, தாய் தகப்பனின் சம்மதம் வேண்டும்.

தகப்பனின் சம்மதம் அரை நாளில் கிடைத்துவிட்டது. தாயின் சம்மதம்தான் இந்தக் கதை.

3

நான் சாட்டுத் தேடினேன். முதலாவது சாட்டு, குடியுரிமை. இங்கே பிறந்தாலும் ஆரணி சட்டத்தின்படி இன்னும் வெளிநாட்டுக்காரி. பதினெட்டு முடிந்ததும் விண்ணப்பிக்கலாம், அதுவரை ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல் இந்த நாட்டில் பதிந்து வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். இடம் மாறினால் பதிவில் ஏதாவது ஓட்டை விழும், பிறகு ஆயுள் முழுக்க வரிசையில் நிற்கவேண்டும் என்று பயமுறுத்தினேன். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காக நாங்கள் விடியற்காலையில் போய் நின்ற வரிசைகள் அவளுக்கும் தெரியும். சின்னப் பிள்ளையாக இவருடைய தோளில் நித்திரை கொண்டபடி அவளும் நின்றிருக்கிறாள். ஆனால் அவள் தானே போய்ச் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்டுக்கொண்டு வந்தாள். பதிவு முகவரி பலெர்மோவிலேயே இருக்கட்டும், படிப்புக்குப் போய்த் தங்குவதில் பிரச்சினை இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். அந்தச் சாட்டும் போயிற்று.

அடுத்து, என் சினியோரா எனக்காகக் கதைப்பார் என்று நம்பினேன். அவருடைய இரண்டு மகன்மாரும் வடக்கே வேலைக்குப் போனவர்கள், நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் வருவார்கள். அதை நினைத்து அழாத நாள் இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கையை விரித்து, பலெர்மோத் தாய்க்கெல்லாம் இது எழுதியிருக்கிறது, என் பிள்ளைகள் போனார்கள், உன் பிள்ளையும் போகட்டும், நீயும் இப்போது எங்களில் ஒருத்தி என்றார். ஆறுதல் சொன்னாரா, ஆளைச் சேர்த்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. போகும்போது வழிக்குச் சாப்பிட என்று சியாகுல்லித் தோட்டத்து மண்டரின் தோடம்பழம் ஒரு பை நிறையத் தந்தார்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று இவர் வேறு பகிடி பண்ணினார். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. விமானத்தில் போனால் ஒன்றரை மணித்தியாலம். ஒரு கோப்பி குடித்து முடிய இறங்கிவிடலாம். அப்படிப் போனால் அது தூரம் என்றே அவளுக்குத் தெரியாது. காரில் போவோம் என்றேன். கடலைக் கடந்து, மலையைக் கடந்து, இரண்டு நாள் இருந்து இருந்து இடுப்பு நொந்தால், அம்மாவிடம் இருந்து எவ்வளவு தூரம் போகப்போகிறேன் என்று பிள்ளைக்கு உறைக்கும். மனம் மாறும். இதுதான் என் திட்டம். வெளியில் சொன்ன காரணம், நாட்டைப் பார்ப்போம் என்பது.

இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாரதிப் பத்திரத்துக்கு இத்தாலிய மொழியில் எழுத்துப் பரீட்சை. மூன்று தரம் விழுந்து நாலாம் தரம் எழும்பியவர். எடுத்த பிறகும் வீட்டுக்கும் உணவகத்துக்கும் இடையில்தான் ஓடிக்கொண்டிருந்தார். நாட்டின் நீளம் முழுக்க ஓடச் சொன்னால் விடுவாரா?

4

புறப்படுகிற காலையில் காரின் நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தோம். கீழ்வீட்டு முதியவர் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். கார் ஏறி நசித்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. நல்ல பழம், மீனுக்குப் பிழிந்திருக்கலாம் என்றார். பயணத்துக்கு நல்லது என்று நான் சொன்னேன். அப்படியானால் சரி என்று சிலுவை போட்டுக்கொண்டார். இந்த ஊரில் எனக்குப் பிடித்தது இதுதான். காரணம் விளங்காவிட்டாலும் நம்பிக்கை என்றால் மதிப்பார்கள். மலைமேல் இருக்கிற ரொசாலியா மாதாவிடம் நாங்களும் செருப்பில்லாமல் ஏறிப் போகிறவர்கள்தானே.

என் கையில் ஒரு பெரிய பை. மூன்று பேரின் பெர்மெஸ்ஸோ, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், வீட்டு ஒப்பந்தம், தடுப்பூசி அட்டை, எல்லாம் மூலப்பிரதி. தெருமுனைக் கடைக்குப் போனாலும் அடையாள அட்டை இல்லாமல் போகாத சனம் நாங்கள். மெசீனாவில் கார் கப்பலில் ஏறுகிற இடத்தில் பையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சீருடை போட்ட ஒருவர் ரிக்கற்றை மட்டும் பார்த்துவிட்டுக் கையால் போ போ என்றார். ஒரு கடலைக் கடக்கிறோம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே யோசனைதான் வந்திருக்கும். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் மூட்டையைக் குலைத்துக் காட்டிவிட்டு வெயிலில் நின்றவர்கள் நாங்கள். கப்பல் மேல்தட்டில் நின்று காற்றுப் பட்டபோது, இந்த நாட்டுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

என் திட்டம் அங்கேயே பிசகத் தொடங்கியது. ஆரணி கப்பலில் இருந்து கார் இறங்கியதும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு பின்சீற்றில் சுருண்டு படுத்துவிட்டாள். கலாப்ரியாவின் சுரங்கங்கள் ஒன்று முடிய ஒன்று வந்தன. இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் கடல். எழும்பிப் பார், எவ்வளவு தூரம் வந்திட்டம் என்று ஒவ்வொரு மணித்தியாலமும் தட்டினேன். ம் என்றாள். நாப்போலியில் இவருடைய சொந்தக்காரர் வீட்டில் படுத்து எழும்பி, அடுத்த நாளும் அதே கதை. ரோம் பெயர்ப்பலகை வந்தபோதும் ம். பிறகு மலை ஏறி இறங்கியதும் மண் தட்டையாகியது, பனிப்புகார் வந்தது, எலுமிச்சை மரங்கள் காணாமல் போயின. அந்த இரண்டு நாளும் தூரத்தைப் பார்த்தது நான் ஒருத்திதான். பிள்ளைக்குக் காட்டப் போன பயத்தை முழுசாக நானே வாங்கிக்கொண்டு போய் இறங்கினேன்.

5

ஆட்டம் அடுத்த நாள் காலை பத்து மணிக்கு. மைதானம் ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருந்தது. உதைபந்தாட்ட மைதானம்தான் எனக்குத் தெரியும், நீளமாக இருக்கும். இது விசிறி விரித்ததுபோல இருந்தது. விசிறியின் பிடி இருக்கிற மூலையில் செம்மண், அங்கே நின்றுதான் அடிக்கவேண்டும். பிறகு பச்சைப் புல். பெண்களின் ஆட்டம் என்பதால் கடைசி எல்லைக்குக் கொஞ்சம் முன்னாலேயே இடுப்பளவு வேலி ஒன்று போட்டிருந்தார்கள். வாசலில் நின்ற பெரியவரிடம் நான் பையைத் திறந்து மூன்று பெர்மெஸ்ஸோவையும் நீட்டினேன். அவர் குழம்பிப்போனார். சினியோரா, இது இலவசம், உள்ளே போய் இருங்கள் என்றார். ஆரணி எங்களுக்குத் தெரியாதவள்போல முன்னால் நடந்துவிட்டாள்.

லொரெதானா ஐம்பது வயது மதிக்கத்தக்க, வெயிலில் கறுத்த பெண். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். நான் இருபது வருடமாகக் கதைக்கிற இத்தாலியனில் நன்றி சொன்னேன், வழியில் மழை என்றேன், பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை என்றேன். அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவர் பதறி, கோபிக்காதே, நீ கதைப்பதைக் கேட்டால் சந்தையில் நிற்பதுபோல இருக்கிறது, நீ அசல் பலெர்மோக்காரி என்றார். நான் கதைப்பது பாதி இத்தாலியன், பாதி சிசிலிப் பாஷை என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பலெர்மோவில் எங்களை எல்லோரும் சிங்களவர் என்பார்கள். இல்லை, தமிழர் என்று சொல்லிச் சொல்லி வாய் நொந்துவிட்டது. வடக்கே போய்த்தான் நான் பலெர்மோக்காரி ஆனேன். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து மற்றத் தாய்மாருக்கு நீட்டினேன். முட்டையும் கிழங்கும் வைத்துச் சுருட்டிப் பொரித்த மிதிவெடி. அந்தப் பெயரை இங்கே மொழிபெயர்த்துச் சொல்லிவிடாதே என்று ஆரணியிடம் முதலே சொல்லி வைத்திருந்தேன். பெட்டி கால் மணித்தியாலத்தில் காலி. அவர்கள் பதிலுக்கு ஆட்டத்தை விளங்கப்படுத்தினார்கள். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அடித்தால் மட்டையைப் போட்டுவிட்டு ஓடவேண்டும், நாலு மூலையையும் சுற்றிவர வேண்டும், பந்து அந்த வேலிக்கு மேலால் போய்விட்டால் ஆறுதலாக நடந்து வந்தாலும் கேட்பாரில்லை.

இவருக்கு இருக்கையில் இருக்க முடியவில்லை. மட்டையை ஏன் எறிகிறார்கள், விக்கெட் எங்கே, ஓட்டம் ஏன் இவ்வளவு குறைவு என்று என்னைக் கேட்டு ஒன்றும் கிடைக்காமல் எழும்பிப் போனார். எங்கே என்று பார்த்தால், வேலிக்கு அப்பால், தூரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஊரில் கிரிக்கெட் பார்க்கிற ஆம்பிளைகள் நிற்கிற இடம் அதுதான், எல்லைக்கோட்டு ஓரம். அங்கே நின்றால்தான் அவருக்கு ஆட்டம் தெரியும்போல.

ஆரணி முதல் இரண்டு தரமும் அடிக்கவே இல்லை. பந்து வந்த வேகம் அப்படி. நான் கையைப் பிசைந்துகொண்டு இருந்தேன். உண்மையைச் சொன்னால், மனதின் ஒரு மூலையில் எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. சரிவராது, வீட்டுக்குத் திரும்பிப் போவோம். ஒரு தாய் இப்படி நினைக்கலாமா என்று கேட்பீர்கள். நினைத்தேன். ஆனால் மூன்றாம் தரம் அவள் வந்து நின்றபோது அவளுடைய முகத்தைப் பார்த்தேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொள்கிற பிள்ளையின் முகம் இல்லை அது. வேறு ஒருத்தியின் முகம்போல இருந்தது, நல்ல திறந்த முகம். அடித்துவிடு குஞ்சு என்று என்னை அறியாமலே வாய் சொல்லிவிட்டது.

அடித்தாள். நான் சத்தத்தைத்தான் முதலில் கேட்டேன். பந்து மேலே மேலே போய் வேலியைக் கடந்தது. பக்கத்தில் இருந்த தாய்மார் எழும்பிக் கத்தினார்கள். பந்து இறங்கிய இடத்தில் இவர் நின்றார்.

பின்னால் இரண்டு அடி வைத்தார், வெறும் கையை ஏந்தினார், பிடித்தார். பிடித்த கையோடு ஒரு கணமும் யோசிக்காமல் வேலிக்கு மேலால் திருப்பி எறிந்தார். பந்து நிலத்தில் ஒருதரம் குத்தி எழும்பி, அடிக்கிற இடத்துக்குப் பின்னால் குந்தியிருந்த பிள்ளையின் கையுறைக்குள் நேரே போய் விழுந்தது. நடுவர் அதை வாங்கித் துடைத்து, இடுப்புப் பைக்குள் மற்றப் பந்துகளோடு போட்டுக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். இவர் தூரத்தில் நின்று உள்ளங்கையை உதறிக்கொண்டு சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பக்கத்தில் இருந்த தாய் மட்டும் தலையில் கை வைத்தாள். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

6

ஆட்டம் முடிந்ததும் லொரெதானா எங்களிடம் வந்தார். பிள்ளையை எடுத்துக்கொள்கிறோம், உங்கள் சம்மதம்தான் மிச்சம் என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆரணி நிலத்தைப் பார்த்தாள். பிறகு லொரெதானா, பந்து எங்கே என்று கேட்டார். இந்த மைதானத்தில் ஒரு பிள்ளை முதன்முதலாக வேலிக்கு மேலால் அடிக்கிற பந்தை விளையாட்டுக்குத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். எடுத்தவர் கொண்டுவந்து கொடுப்பார், எல்லோரும் அதில் பெயர் எழுதிப் பிள்ளையிடம் கொடுப்பார்கள். ஆயுளுக்கும் வைத்திருக்கிற பந்து.

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள்.

இவர் வளர்ந்த இடத்தில், வளர்ந்த காலத்தில், ஒரு கோஷ்டிக்கே ஒரு பந்துதான். பொருளாதாரத் தடை என்று சவர்க்காரமே இல்லாத நாட்களில் பந்துக்கு எங்கே போவது? எல்லைக்கு வெளியே போன பந்தை எடுத்தவன் உடனே எறிய வேண்டும். எறியாமல் கையில் வைத்திருந்தால் அவன் கள்ளன். அந்தக் கைக்கு வேறு ஒன்றும் தெரியாது. அதை இத்தாலியனில் விளங்கப்படுத்த இவரிடமும் சொல் இல்லை, என்னிடமும் இல்லை. மன்னிக்கவேணும், மன்னிக்கவேணும் என்று அந்த ஒரு சொல்லையே திருப்பித் திருப்பிச் சொன்னார். பரவாயில்லை, பரவாயில்லை என்று லொரெதானா சொன்னார்.

இவர் கேட்கவில்லை. ஆடின பந்துகள் எல்லாவற்றையும் போட்டிருந்த வாளியின் முன்னால் போய்க் குந்தினார். ஒவ்வொன்றாக எடுத்து, உருட்டி, தையலைத் தடவிப் பார்த்தார். இதில்லை என்று பக்கத்தில் வைத்தார். இன்னொன்று. இதில்லை. எல்லாம் ஒரே மஞ்சள், எல்லாவற்றிலும் ஒரே செம்மண். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள், முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. இவருடைய வலது உள்ளங்கை வீங்கிச் சிவந்து போயிருந்தது. எனக்கு அவரைக் கூட்டிக்கொண்டு எங்காவது ஓடிவிடலாம்போல இருந்தது.

ஆரணி வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் குந்தினாள். வாளிக்குள் கையை விட்டாள். அவள் வாளியைப் பார்க்கவில்லை, தகப்பனின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் கண்டேன். கையில் அகப்பட்ட ஒரு பந்தை எடுத்து அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“அப்பா, இதுதான். இஞ்சை பாருங்கோ, என்ரை மட்டை பட்ட அடையாளம் கிடக்கு.”

இவர் வாங்கிப் பார்த்தார். தடவினார். “ஓமோ?” என்றார்.

“ஓம் அப்பா. எனக்குத் தெரியாதே? நான் அடிச்ச பந்து.”

எவ்வளவு நாளைக்குப் பிறகு அவளுடைய வாயில் இருந்து இடையில் ஒரு இத்தாலியச் சொல்லும் இல்லாமல் இப்படித் தமிழ் வந்தது. அதுவும் பொய் சொல்ல வந்தது. அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது, அது எங்கள் வீட்டுப் பொய். பெர்மெஸ்ஸோ மாதக்கணக்கில் இழுபட்ட வருடம், அடுத்த கிழமை வந்துவிடும் என்று அவளுக்குச் சொன்னோம். இவருக்கு வேலை இல்லாமல் போனபோது அப்பாவுக்கு லீவு என்றோம். ஊரில் என் தகப்பன் காலமான செய்தியை அவளுடைய பரீட்சை முடியும்வரை மறைத்து, சிரித்த முகத்தோடு சோறு போட்டோம். நாங்கள் சொன்ன எதையும் அவள் நம்பவில்லை போலிருக்கிறது. நம்பாமல், ஆனால் எங்களைக் காட்டிக் கொடுக்காமல், பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறாள். பிள்ளை விலகிப் போகிறாள், எங்களுடையது ஒன்றும் அவளிடம் இல்லை என்று நான் இரவெல்லாம் கவலைப்பட்டதை நினைக்க எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. எங்களிடம் இருந்ததில் நல்லதை அவள் எடுத்துக்கொண்டுதான் கதவைச் சாத்தியிருக்கிறாள்.

பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பந்தில் பெயர் எழுதினார்கள். நான் லொரெதானாவின் கையைப் பிடித்தேன். அந்த வீட்டில் குசினி எப்படி என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. என்னுடைய சந்தைப் பாஷையில் திரும்பச் சொன்னேன். பிள்ளைகள் தங்குகிற அந்த வீட்டில் குசினிக்கு யன்னல் இருக்கிறதா? வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்தால் மற்றப் பிள்ளைகள் குறை சொல்வார்களா? இந்தப் பக்கத்தில் அரிசி எங்கே வாங்கலாம்?

லொரெதானா பெரிய யன்னல் இருக்கிறது என்றார். ஆரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், வேர்வையும் செம்மண்ணுமாக, எல்லோருக்கும் முன்னால். இந்தப் பிள்ளையைத் தந்ததற்கும், அவள் அடிக்க ஒரு மைதானம் தந்ததற்கும், பெயர் தெரியாத எங்களுக்குக் கதவு திறந்த சனத்துக்கும் நான் நன்றி சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லுவது?

7

திரும்பி வரும்போது தூரம் அவ்வளவு நீளமாகத் தெரியவில்லை. ஆரணி நித்திரை கொள்ளவும் இல்லை. பாட்டுக் கருவியை என் ஒரு காதில் மாட்டிவிட்டு, இது என்ன பாட்டு, யார் பாடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை, ஆனால் காதில் இருந்து எடுக்கவில்லை.

மத்தியானம் கடந்து பெருந்தெரு ஓரத்தில் ஒரு கோப்பிக் கடையில் நின்றோம். ஆரணி குடிக்க ஏதோ வாங்க உள்ளே போனாள். இவர் ஸ்ரியரிங்கில் கையை வைத்தபடி இருந்தார். வீக்கம் இன்னும் வற்றவில்லை. பந்து மடியில் இருந்தது.

“இஞ்சாரும்,” என்றார். “இது அந்தப் பந்து இல்லை.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“நான் பிடிச்ச பந்திலை தையல் ஒரு இடத்திலை எழும்பி நிண்டது. கையிலை குத்தினது. இதிலை அது இல்லை. கையிலை எடுத்த உடனை தெரிஞ்சிட்டுது.”

“எனக்கும் தெரியும்,” என்றேன். “அவள் பாக்காமல்தான் எடுத்தவள்.”

இவர் பந்தை மடியில் ஒருதரம் உருட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும்.”

ஆரணி ஓடி வந்து பின்கதவைத் திறந்து ஏறினாள். பந்து எங்கே அப்பா என்று கேட்டாள்.

“இஞ்சை கிடக்கு, குஞ்சு. நீ அடிச்ச பந்தை நான் விட்டிடுவனே?” என்று சொல்லிக்கொண்டு இவர் காரை எடுத்தார்.